சூஜோ தோட்டங்கள்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

சீனத் தோட்டம்னா பூச்செடி நிறைய வச்ச பார்க் மாதிரிதானே?

இல்லைங்க, அந்த நினைப்போட உள்ள போனா சப்புனு ஆயிடும். பூ ரொம்ப கம்மி, புல்தரை கிடையவே கிடையாது, நிறைய இடத்த கட்டடமே அடைச்சிருக்கும். உயரமான வெள்ளைச் சுவர், அதுக்குள்ள ஒரு குளம், குளத்தச் சுத்தி கல்லால அடுக்கின மலை, அங்கங்க மண்டபம், ஒரு மண்டபத்துல இருந்து இன்னொன்னுக்கு மழைல நனையாம போறதுக்கு கூரை போட்ட நடை, வாசலுக்கு வாசல் ஏதாவது எழுதின பலகை. ஊர் ஜனம் சாயந்தரம் காத்து வாங்க வர்ற இடமில்ல இது, ஒரு குடும்பம் குடியிருந்த வீட்டோட ஒரு பகுதி.

சீனாவுல பெரிய பிரிவு ரெண்டு. பெய்ஜிங், செங்டே பக்கம் ராஜாக்கள் கட்டின தோட்டங்கள், ஏரி, மலை, கோபுரம்னு எல்லாமே பிரம்மாண்டமா இருக்கும். இன்னொன்னு தெற்க, யாங்சி ஆத்துப் பக்கத்துல, படிச்ச அதிகாரிங்களும் வியாபாரிங்களும் வீட்டோட சேத்துக் கட்டிக்கிட்டது. எனக்குப் புடிச்சது ரெண்டாவது வகை, அதனால கீழ வர்ற பதில் பெரும்பாலும் சூஜோ நகரத்தப் பத்தித்தான் இருக்கும்.

ஏன் சூஜோவுல மட்டும் இவ்ளோ தோட்டம்?

காசு, தண்ணி, கல், அதோட வேலை போன அதிகாரிங்க. இந்த நாலும் ஒரே ஊர்ல சேந்துச்சு.

கிமு 514ல வூ நாட்டு ராஜா ஹெலூ காலத்துல உருவான ஊர் இது. ஊருக்குள்ள தெருவுக்குத் தெரு வாய்க்கால் ஓடுது, பெருங்கால்வாய் பக்கத்துலயே போகுது, கொஞ்சம் தோண்டினா தண்ணி வந்துடும், அதனால குளம் வெட்டுறது பெரிய வேலையே இல்ல. பட்டு வியாபாரத்துல பணம் கொட்டுச்சு. மேற்குப் பக்கம் தாய் ஏரி, தோட்டக்காரங்க உயிரா நினைக்கிற ஓட்டைக் கல் அங்கதான் கிடைக்கும். அரசாங்கத் தேர்வுல பாஸ் பண்ணி பெரிய பதவிக்குப் போனவங்க இந்த ஊர்ல ஏகப்பட்ட பேர், போனவங்கள்ல பலபேர் அரண்மனை அரசியல்ல அடி வாங்கி ஊருக்குத் திரும்பி வந்தவங்க. கையில காசு இருக்கு, படிப்பு இருக்கு, வேலை இல்ல, கோபம் மட்டும் நிறைய இருக்கு, அப்படிப்பட்ட ஆள் என்ன பண்ணுவான், தோட்டம் போடுவான்.

யுனெஸ்கோ 1997ல நாலு தோட்டத்த உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க, 2000ல இன்னும் அஞ்சு. மொத்தம் ஒன்பது.

இதெல்லாம் எப்ப ஆரம்பிச்சது?

ராஜாக்கள் வேட்டைக்காடு வச்சிருந்தது ரொம்பப் பழசு. (கீழ வர்ற ஹான், தாங், சோங், மிங், சிங் எல்லாம் காலத்தால ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா வந்த ராஜவம்சங்களோட பேரு.) ஹான் பேரரசர் வூ தன்னோட அரண்மனைக் குளத்துக்குள்ள மூணு தீவு போட்டார், கிழக்குக் கடல்ல சாவே இல்லாத சித்தர்கள் வாழ்றதா நம்பின பெங்லாய், ஃபாங்ஜாங், யிங்ஜோ தீவுகளோட நகல் அது. குளத்துக்குள்ள தீவு வைக்கிற பழக்கம் அதுக்கப்புறம் விடவே இல்ல, இன்னிக்கும் பெரிய குளம் இருந்தா தீவு இருக்கும்.

தனியார் தோட்டம்னு பாத்தா, கிபி 353ல எழுத்துக்கலை மேதை வாங் ஷிஜி லான்டிங்ல நண்பர்களோட வளைஞ்சு ஓடுற ஓடைக்கரையில உக்காந்து, மதுக் கிண்ணத்த தண்ணில மிதக்க விட்டு, அது யார் முன்னாடி நிக்குதோ அவங்க கவிதை சொல்லணும்னு ஆடின ஆட்டம்தான் எல்லாரோட மனசுலயும் பதிஞ்ச காட்சி. பின்னால வந்தவங்க பலபேர் கல்தரையில வளைஞ்சு வளைஞ்சு சின்ன வாய்க்கால் வெட்டி அதையே திரும்ப விளையாடிப் பாத்தாங்க. தாங் காலத்துக் கவிஞர் பாய் ஜுயி 825ல சூஜோவுக்கு ஆளுநரா வந்தவர், தாய் ஏரிக் கல்லு மேல பைத்தியமா இருந்தார், அதப் பத்தி ஒரு கட்டுரையே எழுதியிருக்கார்.

இப்ப சூஜோவுல நிக்கிறதுல ரொம்பப் பழைய பேர் சாங்லாங் மண்டபம். சூ ஷுன்சின்னு ஒரு அதிகாரி, தலைநகரத்துல வேலை போயி சூஜோ வந்து, 1040கள்ல நாப்பதாயிரம் செப்புக்காசு குடுத்து ஒரு பாழ்நிலத்த வாங்கி தண்ணிக்கரையில மண்டபம் கட்டினார். பேருக்குக் காரணம் ஒரு பழைய மீனவன் பாட்டு: ஆத்துத் தண்ணி தெளிவா இருந்தா என் தொப்பிக் கயித்தக் கழுவிக்கிறேன், கலங்கி இருந்தா காலக் கழுவிக்கிறேன். அதாவது காலம் நல்லா இருந்தா அரசு வேலை, இல்லன்னா போய்க்கிட்டே இருப்பேன். வேலை போன கடுப்ப இதவிட நாகரிகமா காட்ட முடியுமா என்ன. மத்த தோட்டமெல்லாம் சுவருக்குள்ள ஒளிஞ்சிருக்க, இது மட்டும் வாய்க்காலப் பாத்துத் திறந்து நிக்குது, தெருவுல நின்னாலே பாதி தெரியும்.

கல்லுக்காக ஒரு ராஜ்ஜியமே போச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

கல்லால மட்டும் போகல, ஆனா கல்லும் ஒரு காரணம்.

சோங் பேரரசர் ஹுய்சோங் (1100ல பட்டத்துக்கு வந்தவர்) அருமையான ஓவியர், ஆட்சி மட்டும்தான் வரல. தலைநகர் கைஃபெங்ல 1117ல கென்யூன்னு ஒரு செயற்கை மலைத் தோட்டம் ஆரம்பிச்சார், 1122ல முடிஞ்சது. அதுக்குக் கல்லும் மரமும் தெற்குல இருந்து படகுல போகணும். இந்தப் பொறுப்ப ஜு மியான்ங்கிற சூஜோக்காரன் கையில குடுத்தாங்க. அவன் ஆளுங்க யார் வீட்டுலயாவது நல்ல கல் இருந்தா மஞ்சள் துணி கட்டி இது ராஜா சொத்துன்னுடுவாங்க, வெளிய எடுக்க முடியலன்னா வீட்டுச் சுவர இடிச்சு எடுப்பாங்க. பெரிய கல் வர்ற வழியில பாலம் தாழ்வா இருந்தா பாலத்தப் பிரிச்சாங்க, நகர வாசல் சின்னதா இருந்தா மதிலயே உடைச்சாங்க. தானியம் ஏத்த வேண்டிய படகெல்லாம் கல்லு தூக்கிட்டுப் போச்சு. 1120ல தெற்க ஃபாங் லா தலைமையில பெரிய கலகம் வெடிச்சது, ஜு மியான ஒழிக்கணும்ங்கிறது அவங்க கோஷத்துல ஒண்ணு.

கொஞ்ச வருஷத்துல வடக்க இருந்து ஜுர்சென் படை வந்து கைஃபெங்க முத்துகை போட்டுச்சு. உள்ள மாட்டின ஜனங்க என்ன பண்ணாங்கன்னா, கென்யூ தோட்டத்துக் கல்ல உடைச்சு கவண் பொறிக்குக் குண்டா குடுத்தாங்க, மரத்த வெட்டி குளிருக்கு எரிச்சாங்க, அங்க வளந்த மான்களக் கொன்னு தின்னாங்க. 1127ல நகரமும் போச்சு, பேரரசரும் கைதி.

அந்தப் படகுல ஏத்தாம தங்கிப்போன கல்லுன்னு சொல்லி சூஜோவுல சிலத இன்னும் காட்டுறாங்க. லியூ யுவான் (யுவான்னாலே தோட்டம்தான்) உள்ள நிக்கிற குவான்யுன் சிகரம் 6.5 மீட்டர் உயரம், அதுக்காகவே முன்னாடி ஒரு குளம், பின்னாடி ஒரு மாடம், பாக்க வசதியா ஒரு மண்டபம். இன்னொரு புகழ்பெற்ற கல், ருய்யுன் சிகரம், இப்ப ஒரு பள்ளிக்கூட வளாகத்துக்குள்ள நிக்குது.

அந்தக் கல்லுல அப்படி என்ன இருக்கு? எனக்கு அசிங்கமாத்தான் தெரியுது.

நிறைய பேருக்கு முதல்ல அப்படித்தான் தெரியும். அது சுண்ணாம்புக்கல், ஏரித் தண்ணி நூத்துக்கணக்கான வருஷம் அரிச்சு அரிச்சு ஓட்டையும் குழியுமா ஆனது. சோங் கால ஓவியர் மி ஃபூ பேர்ல வழங்குற அளவுகோல் நாலு: மெலிஞ்சு நிக்கணும், மேல சுருக்கம் இருக்கணும், மேலயிருந்து கீழ தண்ணி வடியிற மாதிரி வழி இருக்கணும், இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் ஊடுருவணும். இந்த மி ஃபூ ஒரு கல்லப் பாத்து முழு அலுவல் உடையில விழுந்து கும்பிட்டு "அண்ணா"ன்னு கூப்பிட்டவராம்.

சிலையப் பாக்குற மாதிரி இதப் பாக்காதீங்க, மலையப் பாக்குற மாதிரி பாருங்க. கிட்டப் போயி ஒரு ஓட்டைக்குள்ள கண்ண வச்சா குகையும் பள்ளத்தாக்கும் மாதிரி தெரியும், அங்கதான் ருசி. கிராக்கி அதிகமானப்ப ஏரிக்கரை ஆளுங்க சாதாரண கல்லுல ஓட்டை போட்டு வருஷக்கணக்கா தண்ணிக்குள்ள போட்டு வச்சு, அப்புறம் "இயற்கையா கிடைச்சது"ன்னு வித்த கதையும் உண்டு. டூப்ளிகேட் எல்லாக் காலத்துலயும் இருந்திருக்கு.

ஒத்தக் கல் இல்லாம மலையாவே அடுக்கினதுல ரெண்டு பாக்கணும். ஷிசிலின், அதாவது சிங்கத் தோப்பு, 1342ல தியான்ரூங்கிற ஜென் துறவிக்காக அவரோட சீடர்கள் கட்டினது, முழுக்க புதிர்க்குகை மாதிரி, பசங்களுக்குக் கொண்டாட்டம். எனக்கு என்னமோ அது கொஞ்சம் அதிகப்படி. ஷென் ஃபூன்னு 18ஆம் நூற்றாண்டுல வாழ்ந்த சூஜோ எழுத்தாளரே அத, நிலக்கரிச் சாம்பலக் குவிச்சு பாசி ஒட்டி எறும்புப் புத்து மாதிரி துளை போட்டிருக்காங்கன்னு திட்டியிருக்கார், அதனால நான் தனி ஆள் இல்ல. இன்னொன்னு ஹுவான்சியூ மலை வீடு. 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல கெ யூலியாங்ங்கிற கல் கலைஞர் அடுக்கினது, ஒரு சின்ன முற்றத்துக்குள்ள 7 மீட்டர் சொச்சம் உயரத்துல மலை, உள்ள பாறைப் பள்ளம், குகை, மேல நடைவழி. நீளக் கல்ல குறுக்கப் போட்டுக் கூரை மூடாம, வளைவுப் பாலம் கட்டுற மாதிரி கல்லுக்குக் கல் கொக்கி போட்டு நிறுத்தியிருக்கார். இணைப்ப தேடித்தான் கண்டுபுடிக்கணும். கூட்டமும் அங்க கம்மி.

ஜுவோஜெங் யுவான்னு ஒண்ணத்தான் எல்லாரும் சொல்றாங்க, அதோட கதை என்ன?

சூஜோவுல பெருசு அதுதான், 5.2 ஹெக்டேர். வாங் ஷியான்சென்னு ஒரு தணிக்கை அதிகாரி, மிங் கால ரகசிய போலீஸ பகைச்சுக்கிட்டு, பொய் வழக்குல தடியடி வாங்கி, கடைக்கோடி ஊர்ல சின்ன உத்தியோகத்துக்குத் தூக்கி அடிக்கப்பட்டவர். கடைசில போதும்டா சாமின்னு ஊருக்கு வந்து 1509 வாக்குல ஒரு பழைய கோயில் நிலத்துல தோட்டம் போட்டார். பேருக்கு அர்த்தம் ஏறக்குறைய "ஆளத் தெரியாதவன் தோட்டம்". மூணாம் நூற்றாண்டுக் கவிஞர் பான் யூ, தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தி காய்கறி வித்துப் பொழைக்கிறதுதான் என்னை மாதிரி சாமர்த்தியம் இல்லாதவன் செய்யிற அரசியல்னு எழுதின வரில இருந்து எடுத்தது. வேடிக்கை என்னன்னா அந்தப் பான் யூ நிஜத்துல பெரிய ஜால்ரா, பெரிய மனுஷன் வண்டி கிளப்பின தூசியப் பாத்துக் கும்பிட்டவர்னு கெட்ட பேரு, கடைசில கிபி 300ல அரசியல் சண்டைல தலையும் போச்சு.

வாங்கோட நண்பர் வென் ஜெங்மிங், அந்தக் காலத்துல சூஜோவோட பெரிய ஓவியர். 1533ல இந்தத் தோட்டத்தோட 31 காட்சிய வரைஞ்சு ஒவ்வொண்ணுக்கும் கவிதை எழுதினார். அந்தப் படத்துல பாத்தா இப்ப இருக்குற பகட்டு ஒண்ணும் இல்ல, பழத்தோப்பு, மூங்கில், ஓலை வேஞ்ச குடிசை, நிறைய வெத்து இடம். பழம் நிஜமாவே வருமானத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆச்சு.

வாங் செத்ததும் பையன் ஒரே ராத்திரி சூதாட்டத்துல முழுத் தோட்டத்தையும் ஷூ குடும்பத்துக்கிட்ட தோத்தான். அப்புறம் கை மாறிக்கிட்டே இருந்துச்சு. 1631ல கிழக்குப் பக்கத்த வாங் ஷின்யின்னு வேற ஒருத்தர் வாங்கித் தனித் தோட்டம் ஆக்கினார். 1860ல, சிங் அரசுக்கு எதிரா கிளம்பின தைப்பிங் கலகப் படை சூஜோவப் புடிச்சப்ப அவங்களோட தளபதி லி ஷியூசெங் இதையே அரண்மனை ஆக்கிக்கிட்டார், 1863 கடைசில சிங் அரசுப் படை திரும்பப் புடிச்சது, அதுக்கப்புறம் கொஞ்ச நாள் அரசு ஆபீஸ். 1877ல மேற்குப் பகுதிய ஜாங் லூச்சியான்னு ஒரு பணக்காரர் வாங்கிப் புதுப்பிச்சார். பொதுமக்களுக்குத் திறந்தது 1952ல, கிழக்குத் துண்டும் சேந்து மூணும் ஒண்ணானது 1960ல.

அப்ப நாம பாக்குறது 500 வருஷப் பழசு இல்லையா?

இல்ல. இத யாரும் தெளிவா சொல்ல மாட்டேங்குறாங்க. இடம் பழசு, பேரு பழசு, குளத்தோட அமைப்பு ஓரளவு பழசு. மண்டபங்கள்ல பெரும்பாலானது தைப்பிங் போருக்கு அப்புறம், அதாவது 19ஆம் நூற்றாண்டுப் பின்பாதில கட்டினது இல்லன்னா 1950கள்ல சீரமைச்சது. லியூ யுவான் 1593ல ஷூ தாய்ஷிங்கிற அதிகாரி ஆரம்பிச்சது, 1870கள்ல ஷெங் குடும்பம் வாங்கி இப்ப இருக்குற உருவத்துக்குக் கொண்டு வந்தாங்க, ஆனா ஜப்பான் போர் சமயத்துலயும் அதுக்கப்புறமும் சீரழிஞ்சு குதிரை கட்டுற இடமாவே ஆயிடுச்சு, 1953ல எடுத்துக் கட்டி அடுத்த வருஷம் திறந்தாங்க.

இதுல ஏமாத்து ஒண்ணும் இல்லைங்க. மரத்தால கட்டினது மக்கும், தண்ணி பக்கத்துல இன்னும் சீக்கிரம் மக்கும், ஓனர் மாறினா ரசனை மாறும். ஒரு தோட்டத்த கட்டினவர் பேர மட்டும் சொல்லிட்டு இது மிங் காலத்துதுன்னு கைட் சொன்னா ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு நகந்துடுங்க. வென் ஜெங்மிங் படத்தையும் இப்ப எடுத்த போட்டோவையும் பக்கத்துல வச்சுப் பாத்தா போதும், ரெண்டும் வேற வேற தோட்டம்.

சின்ன இடத்த எப்படி இவ்ளோ பெருசா காட்டுறாங்க?

இதுதான் மொத்த வித்தையும். இதுக்கு வாங்ஷி யுவான எடுத்துக்கலாம், வலை வீசுறவர் தோட்டம்னு சொல்லலாம். சோங் காலத்துல ஒரு புத்தகப் பிரியரான அதிகாரியோட இடம், 18ஆம் நூற்றாண்டுல சோங் சோங்யுவான்ங்கிறவர் புதுசா அமைச்சு இந்தப் பேரு வச்சார். வீடும் சேத்து அரை ஹெக்டேர் சொச்சம்தான். நடுக் குளம் சுமார் 400 சதுர மீட்டர், பேட்மிண்டன் கோர்ட் அஞ்சு சேத்தா அவ்ளோதான், ஆனா கரைல நிக்கிறப்ப அப்படித் தோணவே தோணாது.

முதல் வேலை, உள்ள வர்றப்பவே எல்லாத்தையும் காட்டக்கூடாது. இருட்டா ஒடுக்கமா ஒரு வழில விடுவாங்க, சுவர், திருப்பம், இன்னொரு சுவர், அப்புறம் திடீர்னு குளம். நம்ம ஊர் பழைய வீட்டு ரேழி தாண்டி முற்றத்துக்கு வர்றப்ப கண்ணு விரியிற மாதிரி, அதே குணம்தான்.

ரெண்டாவது, குளத்தோட முடிவ மறைக்கணும். கரைக் கல்ல கீழ குடைஞ்சு வச்சிருக்காங்க, தண்ணி கல்லுக்கு அடியில போயிக்கிட்டே இருக்குற மாதிரி இருக்கும். தென்கிழக்கு மூலைல குளத்துல இருந்து ஒரு மெல்லிசான வாய்க்கால் பிரிஞ்சு போகுது, அங்கிருந்துதான் தண்ணி வருதோன்னு நினைக்க வைக்க. அந்த வாய்க்கால் மேல ஒரு வளைவுக் கல்பாலம் இருக்கு பாருங்க, நீளம் ரெண்டரை மீட்டர்கூட இல்ல, மூணு எட்டுல தாண்டிடலாம். ஆனா முழுப் பாலத்துக்கு உள்ள எல்லாம் அதுக்கு இருக்கு, ஏற படி, புடிக்க கைப்புடிச் சுவர், நடுவுல வட்டமா பூ செதுக்கின கல். பொம்மைன்னு தோணாது, தூரத்துல இருக்குற பெரிய பாலம்னு கண்ணு நம்பிடும், பாலம் தூரம்னா குளம் பெருசுதானே.

மூணாவது, பெரிய கட்டடத்த தண்ணிக்கரையில இருந்து தள்ளி வச்சு, கல்லாலயும் மரத்தாலயும் பாதி மறைச்சிருக்காங்க. கரையோரம் தாழ்வான சின்ன மண்டபம் மட்டும். அதுல ஒண்ணுக்குள்ள பெரிய கண்ணாடி மாட்டியிருக்கு, ராத்திரி நிலா வந்தா வானத்துல ஒண்ணு, தண்ணில ஒண்ணு, கண்ணாடில ஒண்ணு.

அப்புறம் ஜன்னல். சுவர்ல பூ வேலை செஞ்ச சல்லடை ஜன்னல் வரிசையா வரும், சாங்லாங்ல மட்டும் நூத்துக்கு மேல டிசைன், ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாதிதான் தெரியும், முழுசா பாக்கணும்னா சுத்திப் போகணும், சுத்திப் போறப்ப வேற ஒண்ணு கண்ணுல படும். இப்படி நடக்க வச்சே இடத்தப் பெருக்கிடுறாங்க.

பாலம், நடை எல்லாம் ஏன் கோணல் மாணலா இருக்கு? பேய் நேராத்தான் போகும்ங்கிறாங்களே?

கைடுங்க எல்லாரும் சொல்ற கதை அது, டூரிஸ்ட்டுக்கும் புடிக்குது. கட்டுறவங்க பாக்குற காரணம் சாதாரணமானது: ஒவ்வொரு திருப்பத்துலயும் உங்க மூஞ்சி வேற பக்கம் திரும்பும், காட்சி மாறும், நடையும் மெதுவாகும். ஒரு விஷயம் கவனிங்க, அதே வீட்டுல குடியிருப்புப் பகுதி நேர் கோட்டுல, வாசல், கூடம், உள்கூடம்னு ஒழுங்கு மரியாதையா இருக்கும். குடும்பத்துல பெரியவர் சின்னவர் முறை அங்க. தோட்டத்துப் பக்கம் வந்தா மட்டும்தான் கோணல்.

இதெல்லாம் எங்கயாவது விதியா எழுதி வச்சிருக்காங்களா?

ஜி செங்னு ஒருத்தர் எழுதினார். 1582ல சூஜோ பக்கம் பிறந்தவர், முதல்ல ஓவியர், அப்புறம் தோட்டம் அமைக்கிறதையே தொழிலாக்கிக்கிட்டவர். 1631ல எழுதி முடிச்ச யுவான்யெங்கிற நூல், தோட்டக்கலைக்குன்னே சீனாவுல வந்த முதல் முழு நூல். கதவு, ஜன்னல், கைப்புடிக் கம்பி டிசைன் எல்லாம் படமா போட்டிருப்பார், எந்தக் கல் எங்க கிடைக்கும்னும் சொல்லுவார். வேலைல மூணு பங்கு கொத்தனார், ஏழு பங்கு "தலைவர்"னு சொல்லுவார், அந்தத் தலைவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் இல்ல, திட்டம் போடுறவராம். தன்னோட சம்பளத்துக்கு நல்லா வாதாடியிருக்கார்.

அவர் ரொம்ப அழுத்திச் சொல்றது காட்சிய கடன் வாங்குறது. உன் சுவருக்கு வெளிய நல்ல மலையோ கோபுரமோ இருந்தா அதையும் உன் தோட்டத்துக்குள்ள இழுத்துக்கோ. ஜுவோஜெங் யுவான்ல கிழக்கால நின்னு குளத்தோட நீளத்துக்கு மேற்கப் பாத்தா மரங்களுக்கு மேல ஒரு கோபுரம் நிக்கும், உள்ளதான் இருக்குன்னு நினைப்பீங்க. அது வடக்குக் கோயில் கோபுரம், 76 மீட்டர், வெளிய ஊருக்குள்ள தள்ளி இருக்கு.

இந்த நூல் சீனாவுல கிட்டத்தட்ட காணாமலே போச்சு. முன்னுரை எழுதினவர் ருவான் தாசெங், மிங் கடைசில எல்லாரும் காறித்துப்பின அரசியல்வாதி, அவரோட பேரு ஒட்டிக்கிட்டதே புத்தகத்துக்கு வினையாப் போச்சு. ஜப்பான்ல தங்கியிருந்த பிரதிய வச்சு 20ஆம் நூற்றாண்டுலதான் திரும்ப அச்சுக்கு வந்துச்சு.

கையால செஞ்சவங்க பேரெல்லாம் தெரியுமா?

கொஞ்சம்தான். சூஜோ பக்கத்துல ஷியாங்ஷான்னு ஒரு பகுதி, தச்சர், கொத்தனார், ஓடு போடுறவர்னு தலைமுறை தலைமுறையா அங்கிருந்து வந்தவங்க. அவங்கள்ல குவாய் ஷியாங் மிங் காலத்துல பெய்ஜிங் அரண்மனை வேலைக்கே போனவர். மத்தபடி பேர் தெரியாத கைதான் எல்லாம். தரையக் குனிஞ்சு பாருங்க, உடைஞ்ச ஓடு, கூழாங்கல், உடைஞ்ச பீங்கான் தட்டுத் துண்டு, இத வச்சே கொக்கு, வௌவால், தாமரைன்னு பதிச்சிருப்பாங்க. ஓட்டுத் துண்ட பக்கவாட்டுல நிக்க வச்சு கோடு இழுத்து, நடுவுல கலர் கலரா கல்லு நிரப்பியிருப்பாங்க. கட்டட வேலைல மிஞ்சின குப்பைல செஞ்சது, மழை பெஞ்சா கலர் இன்னும் தூக்கும், வழுக்காது.

என்னென்ன செடி? வாழை மரமெல்லாம் இருக்காமே?

இருக்கு, நம்மாளுங்களுக்கு இதுதான் ஆச்சரியம். தாருக்கும் இல்ல, இலைக்கும் இல்ல, மழைச் சத்தத்துக்கு வச்ச வாழை. ஜுவோஜெங் யுவான்ல மழை கேக்குற மண்டபம்னே ஒண்ணு இருக்கு, சுத்தி வாழை, மூங்கில், பக்கத்துச் சின்னக் குளத்துல தாமரை, ஒவ்வொரு இலைலயும் மழை வேற வேற மாதிரி தட்டும். இன்னொரு மண்டபத்துல காஞ்ச தாமரை இலையக்கூட வெட்டாம விடுவாங்க, தாங் கவிஞர் லி ஷாங்யின், காஞ்ச தாமரைய விட்டுவச்சா மழைய கேக்கலாம்னு எழுதினதுக்காக. நான் போனப்ப தூறல்தான், மத்த டூரிஸ்ட்டெல்லாம் குடைக்குள்ள முணுமுணுத்துக்கிட்டு இருந்தாங்க, எனக்கு அது அதிர்ஷ்டம்னு தோணுச்சு.

மத்தபடி பைன், மூங்கில், சீன பிளம் மூணும் பனிக்கும் அசையாததால குளிர்காலத்து மூணு நண்பர்கள்னு சேத்தே சொல்லுவாங்க. தாமரை சேத்துல முளைச்சும் அழுக்கு ஒட்டாததுன்னு சோங் காலத்து ஜோ துன்யி எழுதினார், அது தூரத்துல இருந்தா வாசம் இன்னும் நல்லா இருக்கும்னும் சொன்னார், ஜுவோஜெங் யுவானோட முக்கிய மண்டபத்துக்குப் பேரே அந்த வரில இருந்துதான். செப்டம்பர் அக்டோபர்ல போனா ஒஸ்மாந்தஸ் பூ, துளியூண்டு மஞ்சப் பூதான், ஊரே மணக்கும்.

பலகைல எழுதியிருக்குறது படிக்கத் தெரியலன்னா பாதி போச்சா?

உண்மைய சொன்னா ஒரு பங்கு போகும். எழுத்து இல்லாத தோட்டம் அவங்களுக்கு முடியாத தோட்டம். ஜுவோஜெங் யுவானோட மேற்குப் பக்கம் விசிறி வடிவத்துல ஒரு குட்டி மண்டபம், ஜன்னல் விசிறி, மேசை விசிறி, எல்லாம் விசிறி. அந்தப் பகுதிய வாங்கின ஜாங் லூச்சியான் வீட்டு முன்னோர் விசிறி வித்துப் பொழைச்சவங்க, அந்த நினைவுக்குன்னு ஒரு கதை உண்டு. பலகைல இருக்குறது "யாரோட உக்கார?" அவ்ளோதான். மிச்ச பதில் சோங் காலத்துக் கவிஞர் சூ ஷியோட கவிதைல இருக்கு: நிலா, காத்து, நான். படிச்சவன் வந்தா சிரிப்பான், படிக்காதவன் உக்காந்துட்டுப் போவான். சுத்தமா தனியா இருக்கேன்னு சொல்றதுக்கு விருந்தாளிக்குத் தெரியிற மாதிரி பலகை மாட்டுறது கொஞ்சம் ஷோதான், இந்தத் தோட்டங்கள் முழுக்க அந்தத் தன்னடக்க ஷோ உண்டு. துய்சி யுவானே அப்படி, தோங்லி ஊர்ல இருக்கு. லஞ்சப் புகார்ல பதவி இழந்த ரென் லான்ஷெங்னு ஒரு அதிகாரி 1885ல ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துல கட்டினது, பேருல "ஒதுங்கி உக்காந்து தப்ப யோசிக்கிறேன்"னு வச்சுக்கிட்டார். அந்தத் தோட்டத்துக்கு ஆன செலவப் பாத்தா ரொம்ப யோசிச்சிருக்க மாட்டார்னு தோணுது.

ஜப்பான் தோட்டத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

சுருக்கமா சொல்றேன். ஜப்பான் ஜென் தோட்டத்துல பலது ஒரு இடத்துல உக்காந்து பாக்குறது, சீனத்துல நடக்கணும். அங்க கட்டடம் ஓரமா, இங்க கட்டடம் நடுவுலயே. அங்க வெறுமை அதிகம், இங்க நெரிசல், சிலசமயம் ரொம்பவே நெரிசல்.

ராஜா தோட்டங்களுக்கும் சூஜோவுக்கும் தொடர்பு உண்டா?

நிறைய. சிங் பேரரசர் சியான்லோங் தெற்குப் பயணம் வந்தப்பல்லாம் புடிச்சத வரைஞ்சு எடுத்துட்டுப் போயி வடக்க நகல் கட்டினார். சிங்கத் தோப்புக்கு மட்டும் பெய்ஜிங்ல இருந்த யுவான்மிங் யுவான்ங்கிற ராஜா தோட்ட வளாகத்துல ஒரு நகல், செங்டேவுல ஒரு நகல். பெய்ஜிங் கோடை அரண்மனைக்குள்ள இருக்குற ஷியேசூ யுவான், வூஷி ஊரு ஜிசாங் யுவானப் பாத்துப் போட்டது. யுவான்மிங் யுவான 1860ல பிரிட்டிஷ் பிரெஞ்சுப் படைகள் சூறையாடி எரிச்சுட்டாங்க. கணக்குப் பாருங்க, அதே வருஷம்தான் சூஜோவும் தைப்பிங் கையில போச்சு.

சீனா போகாம எங்கயாவது பாக்கலாமா?

நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குள்ள ஆஸ்டர் கோர்ட் இருக்கு, 1981ல திறந்தது, வாங்ஷி யுவானோட ஒரு சின்ன முற்றத்தப் பாத்து சூஜோல இருந்து கைவினைஞர்களே போயிக் கட்டினது. அந்த மூல முற்றத்துலதான் 1930கள்ல ஓவியர் ஜாங் தாசியானோட அண்ணன் ஜாங் ஷான்சி, வரையிறதுக்காக நிஜப் புலிக்குட்டி வளத்தார். கனடாவுல வான்கூவர் (1986), அமெரிக்காவுல போர்ட்லாண்ட் (2000), நியூசிலாந்துல டுனேடின் (2008) எல்லாத்துலயும் உண்டு.

நம்மாளுங்களுக்குக் கிட்ட சிங்கப்பூர். ஜூரோங் சீனத் தோட்டம் 1975ல திறந்தது, எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன்லயே தமிழ்ல பேரு போட்டிருக்கும். ஆனா அது வடக்கு ராஜா பாணி, அந்த 13 வளைவுப் பாலம் கோடை அரண்மனையோட 17 வளைவுப் பாலத்தப் பாத்துப் போட்டது. சூஜோ பாணி பாக்கணும்னா உள்ள இருக்குற போன்சாய் பகுதிக்குப் போங்க.

ஒரே ஒரு நாள்தான் இருக்கு, எத பாக்க?

ஷாங்காய்ல இருந்து வேக ரயில்ல அரை மணி நேரம் சொச்சம். ஜுவோஜெங் யுவானுக்கு முன்பதிவு பண்ணிட்டு, பாஸ்போர்ட் எடுத்துட்டு, கேட் திறக்குறப்பவே நில்லுங்க, பத்து மணி தாண்டினா கொடி புடிச்ச குரூப்புங்க மைக்கோட வந்துடும். வெளிய வந்ததும் பக்கத்துலயே சூஜோ மியூசியம், கட்டடக் கலைஞர் ஐ எம் பெய் வடிவமைச்சு 2006ல திறந்தது. சிங்கத் தோப்ப 1917 வாக்குல வாங்கினது அவரோட குடும்பம்தான், சின்ன வயசுல கோடை லீவுல அங்க வந்து அந்தக் குகைங்கள்ல விளையாடினவர். மியூசியக் குளத்துக்குப் பின்னாடி இருக்குற வெள்ளைச் சுவர் ஜுவோஜெங் யுவானோட பொதுச் சுவர், அதுக்கு முன்னாடி கல்லப் பலகை பலகையா அறுத்து மலை வரிசையா நிக்க வச்சிருக்கார், தாய் ஏரிக் கல் ஒண்ணுகூட இல்ல. திங்கள்கிழமை மியூசியம் லீவு, பாத்துப் போங்க.

மதியத்துக்கு மேல வாங்ஷி யுவான். காலம் சரியா இருந்தா சாயந்தரம் அங்க குன்சூ இசை நாடகத் துண்டுகள் மண்டபம் மண்டபமா நடக்கும், டிக்கெட் தனி. அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, அந்த வாரம் மட்டும் தயவுசெஞ்சு போகாதீங்க, அந்த மூணு எட்டுப் பாலத்துல ஏற கியூ நிக்கணும்.